மூடி போட்டாலும் தெரிகிறவர்

ஜூன் 10, செவ்வாய்

இந்த டைரி எங்கள் தெருக் கடலை மிட்டாய்க் கடையில் சும்மா கொடுத்தது. பக்கத்துக்குப் பக்கம் ராகுகாலம், எமகண்டம் அச்சடித்திருக்கிறது. இன்று பத்தேமுக்காலுக்குப் பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். எதில் சேரும் என்று பார்த்தேன். இரண்டிலும் இல்லை. அச்சுப் பிழையாகத்தான் இருக்கும்.

என் குற்றம் ரொம்பச் சின்னது. ஆசிரியர் அறைக் கதவில் "இங்கே பேசுவது அனைத்தும் கேமராவில் பதிவாகும்" என்று ஒரு தாள் ஒட்டினேன். இரண்டு நாள் உள்ளே ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. டீயைக்கூட சைகையில் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் தையல் டீச்சர் கேமராவைத் தேடி பீரோ மேல் ஏறி, இறங்கத் தெரியாமல் மாட்டிக்கொண்டார். அப்போதுதான் குட்டு உடைந்தது.

"இசக்கியம்மா, உனக்குக் கேமரா மேல அவ்வளவு ஆசையா?"

"இல்ல டீச்சர்."

"இருக்கு. மாவட்டக் கண்காட்சிக்குச் சூரியனைத் தினம் ஒரு படம் எடுக்கணும், ஆள் இல்லாம கெடக்கு. ஒரு மாசத்துக்கு நீதான். கூட அறிவியல் மன்றத்து ஜென்சி இருப்பா."

"எதுக்கு டீச்சர்?"

"நீ சூரியனைப் பாரு. அவ உன்னைப் பாப்பா."

பள்ளிக்கூடத்தில் லென்ஸுக்கு முன்னால் மாட்டுகிற கறுப்பு வடிகட்டி இருக்கிறது, கேமராதான் இல்லை. அத்தோடு தப்பித்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே. "எங்க மாமாகிட்ட இருக்கு டீச்சர்."

ஜூன் 11, புதன்

வேலாயுதம் மாமா அம்மாவுக்குத் தம்பி. கோவில்பட்டியில் கல்யாணம், காதுகுத்து என்று எதற்கும் படம் எடுப்பவர். ஸ்டூடியோவில் இப்போது அவர் மட்டும்தான். எட்டு வருஷம் கூட இருந்த செல்வின் அண்ணன் இல்லை.

போன மாதம் பெரியப்பா மகள் வரவேற்பில், சரியாக மாலை மாற்றுகிற நேரம் பார்த்து அண்ணன் கேமராவை மேலே தூக்கிவிட்டார். ஒரு நிமிஷம் முழுக்க மண்டபத்து மின்விசிறிதான் சுற்றுகிறது. நல்ல விசிறி, மூன்று இறக்கை. ஆனால் பெரியம்மா அதைப் பார்க்கவா காஞ்சிபுரம் பட்டு எடுத்தார்?

"பச்சையா ஒரு வெளிச்சம் அடிச்சுதுண்ணே" என்று அண்ணன் சொன்னாராம். "பச்சை விளக்கே நான் போடலையே, நீ போட்டுட்டு வந்தியா?" என்று மாமா கேட்டாராம். அண்ணன் குடிக்கிறவர் இல்லை. தோள்பையைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டார். இப்போது மிட்டாய்க் கம்பெனியில் பாகு கிண்டுகிறாராம்.

"இது அன்னைக்கு அவன் கையில இருந்த கேமரா. எனக்கு அதைத் தொடவே மனசு வரல. நீ கொண்டு போ மருமவளே" என்றார் மாமா.

அந்த வரவேற்பைப் பற்றி எனக்கு எழுத ஒன்றுமில்லை. நான் மாடியில் இருந்தேன். ஐஸ்கிரீம் நன்றாக இருந்தது.

ஜூன் 12, வியாழன்

காலை 9.10. மைதானத்தில் காற்று பாவாடையையும் கேமரா முக்காலியையும் ஒன்றாகத் தூக்கப் பார்த்தது. ஜென்சி முக்காலியைப் பிடித்தாள், நான் மற்றதை.

வடிகட்டி வழியாகச் சூரியன் பொரிக்காத அப்பளம் மாதிரி இருக்கிறது. அதில் மிளகு மாதிரி இரண்டு கறுப்புப் புள்ளி. ஜென்சி ஒரு நோட்டில் வட்டம் போட்டுப் புள்ளி வைத்தாள். அவள் வட்டம் போட்டால் காம்பஸே வெட்கப்படும்.

அப்புறம்தான் பார்த்தேன். அப்பளத்துக்கு வெளியே, இடது மேல் பக்கம், கறுப்பு வானத்தில் வெள்ளையாக ஒன்று. உருண்டை உடம்பு. இரண்டு பக்கமும் நேராக நீட்டிய மெல்லிய சிறகு.

"ஏட்டி, இது என்ன?"

"நீ என்ன பண்ணின?" என்றாள் ஜென்சி.

"நான் ஒண்ணும் பண்ணல!"

நான் ஒன்றும் பண்ணாமல் ஒன்று நடந்திருப்பது இதுதான் முதல் தடவை. எனக்கே புல்லரித்தது.

ஜூன் 13, வெள்ளி

இன்றும் இருக்கிறார். அதே இடம், அதே சிறகு. வயதில் பெரியவராக இருக்கலாம் என்று மரியாதையாகச் 'சிறகர்' எனப் பெயர் வைத்தோம்.

ஜூன் 15, ஞாயிறு

அம்மா வீட்டைப் புரட்டிப் போட்டு ஒதுக்கினாள். "பங்குனித் திருவிழாக் கடையில அடம்பிடிச்சு வாங்கினியே, பச்சை லேசர் டார்ச்சு, அது எங்கட்டி?"

தொலைந்துவிட்டது என்றேன். அது அலமாரியின் கீழ்த்தட்டில், பழைய சாக்ஸுக்குள், பத்திரமாகத் தொலைந்திருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

பெரிய டீச்சரிடம் படங்களைக் கொண்டுபோனோம். அவர் படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"எதை வெட்டி ஒட்டின? பல்லியா, கொசுவா?"

"சத்தியமா இல்ல டீச்சர்."

"உன் சத்தியத்தை நான் பீரோ மேலயே பார்த்துட்டேன்."

அப்போது ஜென்சி ஒன்று செய்தாள். வகுப்பில் 'உள்ளேன்' சொல்லக்கூடக் கூச்சப்படுகிறவள், நேராக நின்று, "நான் கூடவே இருந்தேன் டீச்சர். இந்தத் தடவை இவ பொய் சொல்லல. பொய்யா இருந்தா என்னை மன்றத்திலேர்ந்து எடுத்திருங்க" என்றாள்.

எனக்கு யாரும் இதுவரை ஜாமீன் கொடுத்ததில்லை. வெளியே வந்ததும் அவளை ஏதாவது கிண்டல் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். ஒன்றும் வரவில்லை. சூரியனைப் பார்த்துப் பார்த்துக் கண் வேறு கலங்கிப்போயிருந்தது.

ஜூன் 18, புதன்

மிட்டாய்க் கம்பெனி வழியாக வந்தேன். அது வழி இல்லைதான், ஒரு கிலோமீட்டர் சுற்று. செல்வின் அண்ணன் வாசலில் வியர்வை துடைத்துக்கொண்டு நின்றார். கையெல்லாம் வெல்லம்.

"என்ன பாப்பா இந்தப் பக்கம்?"

"சும்மாதான். அண்ணே, உங்க கண்ணு நல்லா இருக்கா?"

"கண்ணா? ஏன்?"

"இல்ல, புகை. பாகு. அதான் கேட்டேன்."

"நல்லாத்தான் இருக்கு. ஆவி அடிக்கையில கொஞ்சம் எரியும்." ஒரு மிட்டாய்த் துண்டைக் காகிதத்தில் வைத்துக் கொடுத்தார். "மாமா நல்லா இருக்காரா? ஆனி முகூர்த்தம் நெறைய இருக்குமே. ஒத்தையில என்ன செய்றாரு? ஆடி பொறந்துட்டா அப்புறம் ஆவணி வரைக்கும் ஒண்ணும் கிடையாது."

மிட்டாய் நன்றாக இருந்தது. பாதியை அதே காகிதத்தில் மடித்துப் பையில் வைத்தேன்.

ஜூன் 20, வெள்ளி

சிறகர் பிரபலமாகிவிட்டார். பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஜென்சி போட்ட படம் ஊருக்குள் யூடியூப் சேனல் நடத்துகிற ஒருத்தர் கைக்குப் போய், "சூரியனைச் சுற்றும் மர்மக் கப்பல்! கரிசல் மண்ணின் மாணவி கண்டுபிடிப்பு!" என்று வந்துவிட்டது. என் பள்ளி அடையாள அட்டைப் படத்தைப் போட்டிருக்கிறார். அதில் நான்தான் மர்மப் பொருள் மாதிரி இருக்கிறேன்.

ஜூலை ஒன்றாம் தேதி மைதானத்திலிருந்து நேரலையாம். டைரி கொடுத்த கடைக்காரர் இரண்டு பாக்கெட் மிட்டாயும் கொடுத்தார். தையல் டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பீரோவை மறந்துவிட்டார்.

ஒருத்தர் சொல்வதை எல்லாரும் நம்பினால் எப்படி இருக்கும் என்று இன்று தெரிந்தது. குளுகுளுவென்று இருக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

மேகம். சூரியன் பாதி காணோம். சிறகர் மட்டும் பளிச்சென்று, மேகத்துக்கும் முன்னால் வந்து நிற்கிறார். தைரியசாலி.

ஜென்சி நோட்டைப் புரட்டி, "கறுப்புப் புள்ளி ரெண்டும் பன்னெண்டு நாள்ல நகர்ந்து ஓரத்துக்கே போயிருச்சு. சிறகர் இம்மிகூட நகரல. எவ்வளவு ஒழுக்கம் பாரேன்" என்றாள்.

நான் 'ம்' என்றேன்.

ஜூன் 26, வியாழன்

இதை எழுதத்தான் வேண்டுமா?

மணி அடித்துவிட்டதால் ஜென்சி முன்னால் ஓடினாள். நான் அவசரமாக ஒரு படம் எடுத்துவிட்டுப் பார்த்தேன். முழுக் கறுப்பு. அப்பளம் இல்லை, மிளகு இல்லை. லென்ஸ் மூடியைக் கழற்றவே இல்லை.

இடது மேல் பக்கம், சிறகர் இருந்தார்.

மூடி போட்டிருக்கிறது. சூரியன் இல்லை, வானம் இல்லை, மைதானம் இல்லை. அவர் மட்டும் சிறகை நீட்டிக்கொண்டு சாவகாசமாக இருக்கிறார். இன்னொன்று எடுத்தேன். இருந்தார். பாவாடையால் மூடியின் மேல் இன்னொரு மூடி போட்டு எடுத்தேன். இருந்தார்.

அவர் வானத்தில் இல்லை. கேமராவுக்குள் குடியிருக்கிறார்.

ஜூன் 27, வெள்ளி

உடம்பு சரியில்லை என்று பள்ளிக்கூடம் போகவில்லை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 28, சனி

அப்பாவின் போனில் தேடினேன். கேமராவுக்குள் வெளிச்சத்தை வாங்குகிற ஒரு சின்னச் சில்லு இருக்கிறதாம். லேசர் நேராகப் பட்டால் அந்த இடம் வெந்துபோய், வெள்ளைப் புள்ளியாக எல்லாப் படத்திலும் நிற்குமாம். சில சமயம் அந்த வரிசையே கெட்டு இரண்டு பக்கமும் கோடு விழுமாம். கச்சேரி, ஊர்வலம், கல்யாண மேடை என்று உதாரணம் போட்டிருக்கிறார்கள். மாடியிலிருந்து என்று போடவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

சரி.

மாடியில் எனக்குப் போர் அடித்தது. கீழே மாலை மாற்றப் போகிறார்கள். மாப்பிள்ளை நெற்றியில் பச்சைப் பொட்டு வைத்தால் எல்லாரும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். கை ஆடிவிட்டது. பொட்டு மாப்பிள்ளையைத் தாண்டி, செல்வின் அண்ணன் கேமரா முகத்தில் போய் உட்கார்ந்தது. ஒரு நொடி, ஒன்றரை நொடி இருக்கும். அண்ணன் துள்ளியதைப் பார்த்தேன். கேமரா மேலே போனதைப் பார்த்தேன். சிரித்தேன். அதையும் எழுதிவிடுகிறேன், சிரித்தேன்.

மறுநாள் அவர் வேலை போனது என்று கேள்விப்பட்டதும் டார்ச்சைச் சாக்ஸுக்குள் வைத்தேன்.

இப்போது சிறகர் பொய் என்று சொன்னால் ஜென்சிக்கு மன்றம் போகும். ஏன் பொய் என்று சொன்னால் எனக்கு எல்லாம் போகும். ஒன்றும் சொல்லாவிட்டால் யாருக்கும் ஒன்றும் போகாது, செல்வின் அண்ணனைத் தவிர. அவருக்கு ஏற்கெனவே போய்விட்டது.

கணக்கு சரியாக வருகிற மாதிரிதான் இருக்கிறது. அவர் கொடுத்த மிட்டாய்தான் நடுவில் வந்து நிற்கிறது.

ஜூன் 30, திங்கள்

சாயங்காலம் கேமராவையும் சாக்ஸையும் எடுத்துக்கொண்டு ஸ்டூடியோ போனேன்.

"மாமா, சிறகர் கப்பல் இல்ல. கேமராவுல காயம்."

மாமா கணினியிலிருந்து திரும்பவே இல்லை. "நாளைக்கு நேரலைன்னு ஊரே பேசுது. இது புது நாடகமா? நல்லா இருக்கு, போ."

நான் நிஜத்தைச் சொன்னேன் என்று ஊரே நம்பினபோது அது நிஜமில்லை. உண்மையான நிஜத்தைச் சொல்லும்போது நாடகமாகிவிட்டது. இதற்காகத்தான் இத்தனை வருஷம் பாடுபட்டிருக்கிறேன் போல.

மூடியைப் போட்டேன். அவர் முன்னால் அழுத்தினேன். படத்தைக் காட்டினேன். மாமா மூடியைக் கழற்றி, துடைத்து, தானே போட்டு, தானே எடுத்தார். மூன்று தடவை. நாலாவது தடவை நாற்காலியை முழுசாகத் திருப்பினார்.

"இது எப்படி வந்துச்சு?"

சாக்ஸை மேசைமேல் கவிழ்த்தேன். டார்ச் உருண்டு அவர் டீ கிளாஸில் இடித்து நின்றது.

"மாடியிலேர்ந்து. மாலை மாத்தும்போது. நான்தான் மாமா."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அந்த வரவேற்பு வீடியோவைத் திறந்து, ஒவ்வொரு படமாக நகர்த்தினார். மாப்பிள்ளை மாலையைத் தூக்குகிறார். தூக்குகிறார். தூக்குகிறார். அடுத்த படம் முழுப் பச்சை. அதற்கடுத்ததில் பச்சை பாதி வடிந்து, மேடைக்குப் பக்கவாட்டில் மாடிக் கைப்பிடி தெரிந்தது. கைப்பிடிக்கு மேல் புதுத் தாவணியில் ஒருத்தி, வாயெல்லாம் பல்.

"ஒரு மாசமா இந்த விசிறியைத்தான் பார்த்துத் திட்டிட்டு இருந்தேன்" என்றார் மாமா. "அதுக்கு முன்னாடி இருந்த இந்த ஒரு படத்தை நான் பார்க்கவே இல்லியே." டீ ஆறி ஆடை கட்டியது.

"வண்டில ஏறு."

மிட்டாய்க் கம்பெனி வாசல். செல்வின் அண்ணன் வெல்லக் கையோடு வந்தார். மாமா தொண்டையைச் செருமினார். வண்டிச் சாவியைப் பார்த்தார். ஆகாயத்தைப் பார்த்தார். அதற்குள் நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். கடைசியில், "உங்க கண்ணுல பட்டுச்சாண்ணே?" என்று கேட்டபோது மட்டும் மூச்சு உடைந்துபோனது.

"அதுக்குத்தான் அன்னைக்கு வந்து கண்ணைக் கேட்டியா!" அண்ணன் என்னையே பார்த்தார். "கண்ணுல படல பாப்பா. நான் திரையைத்தான் பார்த்துட்டு இருந்தேன். திரை பச்சையாச்சு. மேடை லேசருன்னு நினைச்சு, இன்னொரு தடவை அடிச்சா கேமரா போயிருமேன்னு மேல திருப்பினேன்."

"கேமராவைக் காப்பாத்தவா திருப்புன?" என்றார் மாமா.

"பின்ன விசிறியைப் படம் எடுக்கவா?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "போட்டுட்டு வந்தியான்னு கேட்டேன் பாரு, அதைக் கேட்டிருக்கக் கூடாது செல்வின்."

"கேட்டிருக்கக் கூடாதுதான்."

பிறகு மாமா, "வர்ற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி, பதினொண்ணாந்தேதி, சாத்தூர்ல ஒரு நிச்சயதார்த்தம். சின்ன மண்டபம், வெளிச்சம் கம்மி. நீ இல்லாம எனக்கு வராது" என்றார்.

அண்ணன் கையைத் துடைத்தார். "வாரேன். ஆனா விளக்குப் பிடிக்க இவ வரணும்."

"இவளா!"

"வெளிச்சத்தை எங்க அடிக்கக் கூடாதுன்னு இவளுக்குத்தான் நல்லாத் தெரியும்."

ஜூலை 1, செவ்வாய்

காலையில் ஜென்சியிடம் சொன்னேன். அவள் கத்தவில்லை. நோட்டை மூடிப் பையில் வைத்தாள். கத்தியிருக்கலாம்.

பெரிய டீச்சரிடம், "ஜென்சி பொய் சொல்லல டீச்சர், நானும் சொல்லல, கேமராதான் சொல்லிச்சு. அதுக்குச் சொல்லிக் கொடுத்தது நான்" என்றேன். அவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, "இதை நேரலையில சொல்லுவியா?" என்றார்.

சொன்னேன். கேமராவில் மூடியைப் போட்டு, சிறகரை எடுத்துக் காட்டினேன். சேனல்காரர் உற்றுப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"பார்த்தீங்களா நேயர்களே! மூடியையும் தாண்டித் தெரியுது! எவ்வளவு சக்தி!"

இவரிடம் நான் சிஷ்யையாகச் சேர வேண்டும். அதற்குள் பெரிய டீச்சர் ஒலிவாங்கியை வாங்கி, "மாணவிகளே, முதல் மணி அடிச்சாச்சு" என்று நேரலையை முடித்துவைத்தார்.

ஜூலை 3, வியாழன்

ஜென்சி இரண்டு நாளாகப் பேசவில்லை. முக்காலியை மட்டும் பிடிக்கிறாள்.

இன்று படம் எடுத்து முடித்ததும், "அந்த மூடி போட்ட படத்தைக் கொடு" என்றாள்.

"எதுக்கு?"

"நோட்டுல ஒட்டணும். ஜூன் இருபத்தாறு காலியா இருக்கு." கொஞ்சம் கழித்து, "அதுதான் இருக்கிறதிலேயே நல்ல படம். அதை வெச்சுத்தான் மத்த எல்லாத்திலேயும் எது சூரியன், எது நம்ம கேமராவோடதுன்னு பிரிக்க முடியும். அழிச்சுக் கிழிச்சு வெச்சிருந்த, கொன்னுருவேன்" என்றாள்.

அழிக்கவில்லை. அழிக்காததற்கு என்னை நானே ஒரு மிட்டாய் கொடுத்துப் பாராட்டினேன். பாதி ஜென்சிக்கு.

ஜூலை 9, புதன்

மாவட்டக் கண்காட்சி. எங்கள் மேசைத் தலைப்பு ஜென்சி வைத்தது: "சூரியனில் இல்லாததைக் கண்டுபிடிப்பது எப்படி?" வருகிறவர்கள் கையில் மூடியைக் கொடுத்து அவர்களையே மாட்டிப் படம் எடுக்கச் சொன்னோம். எடுத்ததும் ஒவ்வொரு முகமும் ஒரு மாதிரி ஆனது. ஒரு தாத்தா மூடிக்குள் விரலை விட்டுத் தேடினார். நடுவர் நாலு தடவை எடுத்துவிட்டு, "இது எப்படிம்மா வந்துச்சு?" என்றார்.

ஜென்சி என்னைப் பார்த்தாள். சொன்னேன். வரிசையில் நின்ற எல்லாருக்கும், நாற்பது ஐம்பது தடவை சொல்லியிருப்பேன். பத்தாவது தடவைக்கு மேல் தொண்டைதான் கட்டியது, வேறு ஒன்றும் அடைக்கவில்லை.

மூன்றாம் பரிசு. ஜென்சியை மன்றத்திலிருந்து எடுக்கவில்லை, செயலாளராக்கியிருக்கிறார்கள். ஆசிரியர் அறைக் கதவில் ஒரு புதுத் தாள்: "இசக்கியம்மாள் கதவைத் தட்டிவிட்டு வரவும்." பெரிய டீச்சர் கையெழுத்து. தாளில் காலி இடம் நிறைய இருந்தது. பேனாவும் பையில் இருந்தது. பேசாமல் தட்டிவிட்டுப் போனேன்.

ஜூலை 11, வெள்ளி

சாத்தூர். மாமாவின் தண்டனைப் பட்டியல்படி, இந்தக் கேமராவில் எடுக்கிற எல்லாப் படத்திலும் சிறகரைக் கணினியில் அழிக்கிற வேலை இனி என்னுடையது. இன்று மட்டும் நானூற்றுப் பதினெட்டு. கேமரா சாகிற வரைக்குமாம். அது நூறு வருஷம் இருக்கும் போலிருக்கிறது.

செல்வின் அண்ணன் பழைய தோள்பையை மாட்டியிருந்தார். நான் விளக்கைத் தூக்கிப் பெண் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

"முகத்துல அடிக்காத. சுவத்துல அடி."

"சுவரா அண்ணே கல்யாணம் பண்ணுது?"

"அடிச்சுப் பாரு."

வெள்ளைச் சுவரில் அடித்தேன். அங்கே போய்த் திரும்பி வந்த வெளிச்சம் மெத்தென்று எல்லார் மேலும் விழுந்தது. பெண்ணின் மூக்குத்தி, மாப்பிள்ளையின் பயம், பின்னால் நின்ற அத்தைமார் எல்லாம் தெரிந்தது. ஒருத்தரும் கண்ணைச் சுருக்கவில்லை.

தட்டு மாற்ற எல்லாரும் எழுந்தார்கள். அண்ணன் சட்டைப்பையிலிருந்து மூடியை எடுத்து லென்ஸில் மாட்டினார்.

"அண்ணே! மூடி!"

"தெரியும். இனி எந்த விசேஷமானாலும் முதல் படம் இதுதான்." அழுத்திவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். "பாரு, வந்துட்டாரா?"

கறுப்பில், இடது மேல் பக்கம், சிறகை நீட்டிக்கொண்டு இருந்தார்.

"வந்துட்டாருண்ணே."

"அப்போ ஆரம்பிப்போம்" என்று மூடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.